அலை என்ற சொல்லுக்கு எதிராக

ஒரு படிமம் எவ்வளவு சீக்கிரம் செத்துப்போகும் என்பதற்கு 2020க்குப் பிறகு தமிழில் புழங்கிய 'அலை' நல்ல உதாரணம். முதல் அலை, இரண்டாம் அலை, மூன்றாம் அலை. செய்தித்தாள் சொல்லிற்று, மந்திரி சொன்னார், மருத்துவர் சொன்னார், பிறகு கவிஞனும் சொன்னான். முதல் மூவரோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் அவசரத்தில் இருந்தார்கள். கைக்குக் கிடைத்த சொல்லை எடுத்துக்கொண்டார்கள். நாலாமவனோடுதான் சண்டை. சொல்லைத் தட்டிப் பார்த்து வாங்குவதே தன் தொழில் என்று சொல்லிக்கொள்கிறவன் அவன். ஐம்பது அறுபது வருஷமாகச் சிறு பத்திரிகைகளில் படிமம் பற்றி நாம் மண்டையை உடைத்துக்கொண்டதெல்லாம், கடைசியில் சுகாதார அமைச்சகத்தின் அன்றாட அறிக்கையிலிருந்து ஒரு உருவகத்தை அப்படியே இறக்கிக்கொள்வதற்குத்தானா?

சொல்லில் என்ன இருக்கிறது, செத்தவர்கள் செத்தவர்கள்தானே என்று நம் வட்டத்திலேயே கேட்கிறார்கள். ஒரு தேசம் தன் சாவை எந்தச் சொல்லால் நினைவில் வைக்கிறதோ, அந்தச் சொல் அனுமதிக்கிற கேள்விகளை மட்டுமே பிறகு அது கேட்கும். விபத்து என்றால் ஒரு வகைக் கேள்வி. கொலை என்றால் வேறு வகை. விதி என்றால் கேள்வியே கிடையாது. அலை இதில் எந்த ரகம் என்பதுதான் விஷயம்.

ஆங்கில இலக்கியம் படித்தவனுக்குப் பிழைப்புக்கு உதவாத ஒரு பயிற்சியைக் கல்லூரியில் கொடுப்பார்கள். ஒரு உருவகத்தைக் கையில் கொடுத்தால் அதன் இரண்டு பக்கங்களையும் பிரித்து வைத்து எது பொருந்துகிறது, எது பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கிறது என்று பார்க்கவேண்டும். வேறெதற்கும் உதவாத அந்தப் பயிற்சியை இதற்காவது உபயோகிக்கிறேன்.

முதலில், இந்த அலை எங்கிருந்து வந்தது? கடலிலிருந்து வரவில்லை, வரைபடத் தாளிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் வில்லியம் ஃபார் 1840இல் பெரியம்மைச் சாவுகளை வரிசைப்படுத்தி, ஒரு கொள்ளைநோய் ஏறுவதிலும் இறங்குவதிலும் ஒழுங்கு இருக்கிறது என்று காட்டினார். 1927இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர் எடின்பரோவில் அந்த ஏற்ற இறக்கத்துக்குக் கணித வடிவம் கொடுத்தார்கள். மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இங்கே வேலை பார்த்தவர். தங்கள் சமன்பாட்டுக்கு உதாரணமாக அவர்கள் வரைந்து காட்டியது, 1905 டிசம்பரிலிருந்து 1906 ஜூலை வரை பம்பாயில் பிளேக்கில் செத்தவர்களின் வாராந்திர எண்ணிக்கை. பிளேக் வைரஸ் நோயல்லதான். ஆனால் கோட்டின் உருவம் ஒன்றே. 2020இல் உலகம் முழுக்க வளைவைத் தட்டையாக்கச் சொல்லிக் கோஷம் எழுந்தபோது, அந்த வளைவின் பழைய மாதிரி ஒன்று பம்பாய்ச் சவங்களால் ஆனது என்பதை யாரும் நினைவுகூரவில்லை.

ஆக, அலை என்பது எண்ணிக்கையின் உருவம். எண்ணினால்தான் அலை எழும். எண்ணாத ஜில்லாவில், எண்ணாத சேரியில், கோடு தரையோடு தரையாகத்தான் போகும். பிணத்தை யாரும் பதிவு செய்யாத இடத்தில் கொள்ளைநோய் வந்ததாகவே வரைபடத்தில் தெரியாது. அலை என்று எழுதும் கவிஞன் தான் ஏதோ இயற்கையின் பேருருவைத் தரிசித்துவிட்டதாக நினைக்கிறான். அவன் தரிசித்தது ஒரு குமாஸ்தாவின் கூட்டல். அந்தக் கூட்டல் சரிதானா என்று அவன் கேட்கவில்லை.

இனி உருவகத்தை விரித்துப் பார்ப்போம். அலை என்றால் நீர் ஒன்றுதான். போனதுதான் திரும்பி வருகிறது. இந்தியாவில் 2020 செப்டம்பரில் உச்சம் தொட்டதும் 2021 மே மாதம் உச்சம் தொட்டதும் ஒரே நீரா? இரண்டாவது முறை பெரும்பாலும் பரவியது டெல்டா. அதன் வம்சம் 2020இன் கடைசி மாதங்களில் மகாராஷ்டிரத்து மாதிரிகளில் தென்பட்டது. மூன்றாவது முறை வந்தது ஒமைக்ரான்; இந்தியாவில் 2021 டிசம்பர் 2இல் கர்நாடகத்தில் இருவரிடம் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. வைரஸ் மாறியது ஒருபுறமிருக்க, அது வந்து விழுந்த ஜனங்களும் மாறிவிட்டிருந்தார்கள். 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலுமாக நாடு தழுவி எடுத்த ரத்தப் பரிசோதனையில், வயது வந்தவர்களில் ஏறக்குறைய 21 சதவீதத்தினரிடம்தான் எதிர்ப்புப் பொருள் இருந்தது. 2021 ஜூன், ஜூலையில் சிறுவர்களையும் சேர்த்து எடுத்தபோது அது 67.6 சதவீதம். இரண்டு கணக்குக்கும் நடுவே தடுப்பூசி கொஞ்சம். மிச்சமெல்லாம் நோயே ஏற்படுத்திக்கொண்ட கணக்கு. ஒவ்வொரு முறையும் நோய் ஒரு ஜனத்தொகையைத் தின்று, மிஞ்சியதை வேறொரு ஜனத்தொகையாக்கிவிட்டுப் போகிறது. அடுத்தது வந்து சந்திப்பது இந்தப் புதிய ஜனத்தொகையை. மூன்றாவது முறை லேசாகப் போனது என்றால், முந்தின இரண்டில் செத்தவர்களும் நோய் கண்டு பிழைத்தவர்களும், நடுவில் போட்ட தடுப்பூசிகளும் அதற்கு விலை கொடுத்திருந்தார்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது, அலைக்குக் கரை பொது. எல்லோர் காலையும் ஒரே மாதிரி நனைக்கும். 2020 ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் ரத்தப் பரிசோதனை செய்தபோது, குடிசைப் பகுதிகளில் 57 சதவீதத்தினருக்கு நோய் வந்து போயிருந்தது. மற்ற பகுதிகளில் 16 சதவீதத்தினருக்கு. இது ஒரே நகரம், ஒரே வார்டு, சில இடங்களில் ஒரே தெருவின் இரண்டு பக்கம். கழிப்பறையைப் பொதுவில் வைத்துக்கொண்டிருக்கிற நூறு குடும்பங்களுக்குத் தனிமனித இடைவெளி என்ற சொல்லைத் தமிழில் மொழிபெயர்த்தாலும் ஒன்றுதான், சமஸ்கிருதத்தில் மொழிபெயர்த்தாலும் ஒன்றுதான்.

மூன்றாவது, அலை தானாக வருகிறது, தானாகப் போகிறது. கொள்ளைநோய் அப்படிப் போவதில்லை. தொற்றக்கூடிய ஆட்கள் குறைந்தால், அல்லது ஆளுக்கு ஆள் நெருக்கம் குறைந்தால் இறங்குகிறது. காப்பு தேய்ந்தாலோ, கிருமி உருமாறினாலோ, ஜனங்கள் மறுபடி கூடினாலோ, அல்லது இம்மூன்றும் சேர்ந்துகொண்டாலோ ஏறுகிறது. இவற்றில் பாதி காரியங்கள் மனிதன் தீர்மானிப்பவை. அலை ஓய்ந்தது என்று நாம் எழுதும்போது எதனால் ஓய்ந்தது என்ற கேள்வியும் கூடவே ஓய்ந்துவிடுகிறது. 2021 பிப்ரவரியில் நாளொன்றுக்குப் பத்தாயிரத்தை ஒட்டி நோயாளிகள். நாடு ஜெயித்துவிட்டதாகப் பேச்சு. மார்ச், ஏப்ரலில் தமிழ்நாடு உள்படத் தேர்தல். வங்காளத்தில் மட்டும் எட்டுக் கட்டங்கள். ஹரித்துவாரில் கும்பமேளா. 2021 ஏப்ரல் 26இல் சென்னை உயர்நீதிமன்றம் தேர்தல் ஆணையத்தை வாய்மொழியாகக் கடிந்துகொண்டபோது காலம் கடந்துவிட்டது. மே முதல் வாரத்தில் ஒரு நாளைக்கு 4 லட்சத்துக்கு மேல் நோயாளிகள். அம்மாதத்தில் அரசே ஒப்புக்கொண்ட சாவு பல நாள் 4,000க்கு மேல். அலை என்கிறவனுக்கு இரண்டு அலைகளின் நடுவே இருப்பது வெறும் அமைதி. உண்மையில் இரண்டாவது சாவு முழுக்க அந்த நடுவில்தான் தயாராயிற்று. ஆக்ஸிஜன் ஆலைகள் எழாததும், படுக்கைகளைக் கழற்றியதும், தடுப்பூசிக்கு நேரத்தில் சொல்லிவைக்காததும் அந்த மாதங்களில்.

இதெல்லாம் இந்தக் காலத்துக் கோளாறு என்று நினைப்பவர்கள் 1918ஐப் பார்க்கலாம். அந்த வருஷம் ஜூன் 10இல் பம்பாய்த் துறைமுகத்தில் காவல் நின்ற போலீஸ் சிப்பாய்கள் 7 பேர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். இன்ஃப்ளூயன்ஸாவின் முதல் வரவு அது, ஜூலையில் தணிந்தது. செப்டம்பரில் மறுபடி எழுந்தது வேறு மிருகம். அக்டோபர் 6ஆம் தேதி ஒரே நாளில் பம்பாயில் 768 பேர் செத்தார்கள். நடுவே என்ன நடந்தது? பருவமழை பொய்த்தது. தானிய விலை ஏறிற்று. யுத்தத்துக்குத் தானியம் போய்க்கொண்டிருந்தது. துருப்புகளும் கூலிகளும் தபாலும் ஏறிய ரயில் நோயையும் ஏற்றிக்கொண்டு உள்நாடு போயிற்று. அன்றைய சுகாதார ஆணையர் நார்மன் வைட்டே ரயிலின் பங்கைத் தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டார். வயிறு காய்ந்த ஜனங்கள்மேல் இரண்டாவது முறை விழுந்தது. பம்பாய் நகரத்தில் அந்த வருஷம் இன்ஃப்ளூயன்ஸாவில் ஆயிரம் ஐரோப்பியருக்கு 8.3 பேர் செத்தார்கள். அன்றைய அறிக்கை கீழ்ஜாதி ஹிந்துக்கள் என்று குறித்தவர்களில் ஆயிரத்துக்கு 61.6. ஒரே கடற்கரை ஊரில் ஒரே அலை, ஜாதி பார்த்து ஏழு மடங்கு உயரமாக எழுந்திருக்கிறது.

அது தேசத்தின் உடம்பில் விட்டுப்போன தழும்பு சாதாரணமானதல்ல. கிழவர்களையும் குழந்தைகளையும் கொண்டுபோவது காய்ச்சலின் வழக்கம். இது 20க்கும் 40க்கும் இடைப்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. ஆண்களைவிடப் பெண்களை அதிகம் கொண்டுபோயிற்று. பிள்ளை பெறவேண்டியவர்கள் போனதால் 1919இல் பிறப்பு சரிந்தது. இன்றைய இந்திய எல்லைக்குள் 1911இல் 25.21 கோடியாக இருந்த ஜனத்தொகை 1921இல் 25.13 கோடி. கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து ஜனத்தொகை குறைந்த பத்தாண்டு அது ஒன்றுதான். செத்தவர்கள் 60 லட்சம் என்றது முதல் மதிப்பு. 1921 கணக்கெடுப்பு அதை 1.2 கோடிக்கு மேல் கொண்டுபோயிற்று. 1986இல் மில்ஸ் என்ற ஆய்வாளர் 1.7 கோடிக்கு மேல் என்றார். 2012இல் வந்த ஓர் ஆய்வு, பிரிட்டிஷ் மாகாணங்களுக்கு மட்டும் 1.4 கோடி அளவில் நின்றது. நூறு வருஷமாக அந்தப் பிணங்களை இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எண்ணுவதற்கு அடிப்படையாக 1921 என்ற ஒரு கணக்கு இருந்ததால் எண்ணமுடிகிறது.

நம்முடைய கணக்குக்கு வருகிறேன். 2020 மார்ச் 24ஆம் தேதி ராத்திரி 8 மணிக்கு அறிவித்து நள்ளிரவில் நாட்டைப் பூட்டினார்கள். ஜனங்கள் நடந்தார்கள். மே 8 விடியற்காலை அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் படுத்திருந்த 16 தொழிலாளிகள்மேல் சரக்கு ரயில் ஏறிற்று. செப்டம்பரில் நாடாளுமன்றத்தில், ஊர் திரும்பும்போது செத்த தொழிலாளிகள் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, அப்படி ஒரு விவரம் பராமரிக்கப்படவில்லை என்று பதில் வந்தது. 2021 ஜூலை 20இல் ராஜ்ய சபையில் ஆக்ஸிஜன் பற்றாக்குறையால் செத்தவர்களைப் பற்றிக் கேட்டார்கள். அதனால் சாவு என்று எந்த மாநிலமும் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை என்பது பதில். இரண்டு அலைக்கும் ஒரே பதில். இதில் பொய் சொன்னதாகக்கூட அரசைக் குற்றம்சாட்ட முடியாது. எண்ணவில்லை என்று சொல்வது பொய்யல்ல, உண்மை.

2021 முடிவில் அரசின் கணக்குப்படி செத்தவர்கள் 4.81 லட்சம். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், 2020, 2021 இரண்டு வருஷங்களில் இந்தியாவில் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் செத்தவர்கள் 47 லட்சம் என்று மதிப்பிட்டது. கணித மாதிரி தப்பு என்று அரசு நிராகரித்தது. அது மாதிரி, சரி. 2025 மே மாதம் அரசே வெளியிட்ட பதிவுக் கணக்கு மாதிரி அல்ல. பதிவான சாவுகள் 2019இல் 76.4 லட்சம், 2020இல் 81.2 லட்சம், 2021இல் 102.2 லட்சம். ஒரே வருஷத்தில் 21 லட்சம் ஏற்றம். இதில் ஒரு பங்கு பதிவு செய்யும் பழக்கம் பெருகியதால் வந்தது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்த வருஷத்துக்கு அரசு ஒப்புக்கொண்ட கொரோனாச் சாவு 3.3 லட்சம் அளவுதான். மிச்சமுள்ள லட்சக்கணக்கானவர்கள் 2021ஆம் வருஷத்தைப் பார்த்துத் திடீரென்று பதிவுப் பழக்கம் கற்றுக்கொண்டார்களா?

நான் வங்கிக் குமாஸ்தா. இது எனக்குப் பழக்கமான விஷயம். இறந்தவர் கணக்கை முடிக்க வருகிறவர்களிடம் நாங்கள் வாங்குவது இறப்புச் சான்றிதழ். அதில் சாவின் காரணம் இருக்காது. 1969ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே, பதிவேட்டிலுள்ள காரணத்தை வெளியே கொடுக்கும் நகலில் எழுதக் கூடாது என்கிறது. மானத்தைக் காப்பாற்ற வந்த விதி. 2021இல் அதுவே சுவராயிற்று. உச்சநீதிமன்றம் தலையிட்டு, கொரோனாவில் செத்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று ஆனபிறகுதான் செத்தவர்கள் காகிதத்தில் எழுந்து வரத் தொடங்கினார்கள். குஜராத்தில் அரசின் கணக்குப்படி சாவு 10,000ஐ ஒட்டி. 2022 ஜனவரிக்குள் அதே அரசு ஏற்றுக்கொண்ட கோரிக்கைகள் 60,000க்கு மேல். இதே சமயத்தில் குழந்தை உரிமை ஆணையம் உச்சநீதிமன்றத்தில் கொடுத்த கணக்குப்படி, காரணம் எதுவாயினும் 2020 ஏப்ரலிலிருந்து தாயையோ தகப்பனையோ இருவரையுமோ இழந்தும் கைவிடப்பட்டும் நின்ற குழந்தைகள் 1,47,492 பேர். எங்கள் தொழிலில் இடம் தெரியாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். அதை அங்கேயே விட்டுவைக்க ஆடிட்டர் அனுமதிக்கமாட்டார். எந்தத் தலைப்பைச் சேர்ந்தது என்று கண்டுபிடித்துத் தீர்க்கவேண்டும். இந்த தேசம் தன் பிணங்களைச் சஸ்பென்ஸில் போட்டுவிட்டு டாலி ஆயிற்று என்று விளக்கை அணைத்துவிட்டது. அந்த இருட்டில் உட்கார்ந்து நாம் அலை பற்றிக் கவிதை எழுதுகிறோம்.

இலக்கியத்துக்கு இதில் என்ன வேலை என்ற கேள்வி வரும். இரண்டு திசையிலிருந்தும் வரும். ஒரு திசையில் அகவுலகக்காரர்கள். எண்ணிக்கை சமூகவியல், கவிதை எண்ணுக்கு அப்பாற்பட்டது, ஒரு மரணத்தின் ஆழத்தைப் பத்து லட்சம் தொடாது என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவர்கள் எழுதியதைத் தேதி வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். 2020இல் மரணம் இவர்களுக்கு ஜன்னலுக்கு வெளியே காலியான தெருவாகவும், திரும்பி வந்த பறவையாகவும் இருந்தது. 2021 மே மாதம்தான் அது ரத்தமும் சதையுமாயிற்று. அடுக்குமாடிக்குள் ஏறிவந்தபிறகு பிறந்த ஆழம் அது. 57க்கும் 16க்கும் உள்ள வித்தியாசம் அவர்களுடைய அகவுலகத்தின் உள்ளேயே இருக்கிறது; தெரியாமலே இருக்கிறது. எண்ணுக்கு அப்பாற்பட்ட கவிதை எந்த எண்ணின் பக்கம் குடியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மறு திசையில் முற்போக்காளர்கள். இவர்கள் 2020இலேயே எழுதினார்கள். அதை மறுக்க முடியாது. ஆனால் நடந்துபோனவனைப் பாதமாக்கினார்கள், வெடிப்பாக்கினார்கள், தண்டவாளத்தில் சிதறிய ரொட்டியாக்கினார்கள். அவனுக்கு என்ன கூலி பாக்கி இருந்தது, கடைசிச் சம்பளம் எந்த மேஸ்திரியிடம் நின்றது, செத்தபின் எந்த மாநிலத்துக் கணக்கில் சேர்ந்தான், சேரவே இல்லையா என்ற கேள்விகள் கவிதைக்கு வெளியே நின்றன. அரசு அவனை எண்ணவில்லை. கவிஞன் அவனைச் சின்னமாக்கினான். இரண்டிலும் அவன் ஆளாக இல்லை.

இந்த இரு சாராருக்கும் பொதுவாக ஒரு புனித நூல் இருக்கிறது, காம்யுவின் பிளேக் நாவல். 1947இல் வந்த அதைச் சொல்லாமல் எந்தக் கொரோனாக் கட்டுரையும் முடியவில்லை. மனித இருப்பின் அபத்தம், தனிமை, நாடு கடத்தப்பட்ட நிலை என்று எல்லாம் எடுத்தாளப்பட்டன. அந்த நாவலில் ஜோசஃப் கிராண்ட் என்று ஒருவன் வருகிறான்; நகரசபையில் அற்பச் சம்பளத்துக்குக் குமாஸ்தா. ராத்திரியில் உட்கார்ந்து ஒரு நாவலின் முதல் வாக்கியத்தை மட்டும் திரும்பத் திரும்பச் செதுக்கிக்கொண்டிருப்பான். நம் சிறு பத்திரிகைக்காரன் அசல். கொள்ளைநோய் வந்ததும் சுகாதாரக் குழுக்களின் கணக்கு வேலை அவனிடம் வருகிறது. ஆபீஸ் முடிந்தபின் சாவுகளையும் நோயாளிகளையும் பதிவு செய்து கூட்டுகிறான். இந்தக் கதைக்கு ஒரு நாயகன் வேண்டுமென்றால் இவனை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறான் கதைசொல்லி. நம் காம்யு பக்தர்கள் இந்த இடத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை. அபத்தத்தை எடுத்துக்கொண்டு கூட்டலை விட்டுவிட்டார்கள். வாக்கியம் செதுக்குகிறவனும் பிணம் எண்ணுகிறவனும் ஒரே ஆளாக இருக்கமுடியும் என்பதை அந்த நாவல் சொல்கிறது. ஒருவன் மற்றவனுக்கு எதிரி அல்ல என்றும்.

இந்திய உதாரணம் வேண்டுமென்றால் இருக்கிறது. ஹிந்திக் கவிஞர் நிராலா 1918இல் மனைவியையும் குடும்பத்தில் பலரையும் இன்ஃப்ளூயன்ஸாவில் இழந்தார். 1939இல் வந்த 'குல்லி பாட்' நூலில் அதைச் சொல்கிறார்: கங்கையில் பிணங்கள், வீட்டில் யார் எந்த வரிசையில் போனார்கள் என்று. அலறல் இல்லை, கணக்கு ஒப்பிக்கிற குரல். வாசகன் தாங்கமுடியாமல் போவது அந்தக் குரலால்தான். 1918 பற்றி நம் வட்டத்தில் பேச்சு எழுந்தால் சொல்லக் கிடைப்பது அவர் பெயர். தமிழ்ப் பெயர் ஒன்று சட்டென்று நாக்கில் வருவதில்லை. 2021 மே மாதம் அதே கங்கையில் பீகாரின் பக்ஸர் அருகே பிணங்கள் மிதந்தன. குஜராத்தியில் பாருல் கக்கர் 14 வரியில் ஒரு கவிதை எழுதினார். நதியையே சவ ஊர்தியாகப் பெயரிட்ட கவிதை, 'சவவாகினி கங்கா'. பல மொழிகளுக்குப் போயிற்று. குஜராத் சாகித்ய அகாதமியின் பத்திரிகை ஜூன் மாதம் தலையங்கம் எழுதி அதைச் சாடிற்று. அதைப் பரப்பியவர்களை இலக்கிய நக்ஸல்கள் என்றது. அலை பற்றிய கவிதை எதற்கும் அந்த மரியாதை கிடைக்கவில்லை. கிடைக்காது. அலையால் எந்த நாற்காலியும் நனையாது.

நமக்கு வேறு சொல் இல்லாமலா போயிற்று? தமிழில் இதற்குப் பெயர் கொள்ளைநோய். வெறும் கொள்ளை என்றாலே நோய்தான். 'கொள்ளையிலே போவாய்' என்று கிழவிகள் சபித்தது இதைத்தான். 2020இல் பெருந்தொற்று என்று ஒரு புதுச் சொல் வந்தது. பெரியது, தொற்றுவது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லவில்லை. கொள்ளை சொல்கிறது. கொள்ளையும் உருவகம்தானே என்றால், ஆமாம், ஆனால் நேர்மையான உருவகம். வீடு கொள்ளை போனால் நாம் என்ன செய்கிறோம்? எது எது போயிற்று என்று முதலில் ஜாபிதா எடுக்கிறோம். கதவு எப்படித் திறந்திருந்தது, காவல்காரன் எங்கே போயிருந்தான் என்று கேட்கிறோம். ஒரு முறை வந்தவன் மறுபடி வருவான் என்று தெரிந்தும் பூட்டு ஏன் மாற்றவில்லை என்று வீட்டுக்காரனைப் பிடித்து உலுக்குகிறோம். அலை இவற்றில் ஒரு கேள்வியைக்கூடக் கேட்கவிடாது. அலை வந்தால் பார்த்துக்கொண்டு நிற்கலாம். போனபிறகு மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து போகலாம். 2004 டிசம்பர் 26 காலையைக் கண்ட கரைக்காரர்கள் அந்தச் சொல்லை இவ்வளவு லேசாக எடுக்கமாட்டார்கள். அவர்களும்கூட அன்று முதலில் செய்தது, வீடு வீடாகப் பெயர் சொல்லி ஆள் தேடியது.

1921இல் அந்நியன் கணக்கெடுத்தான். தன் ஆட்சியில் ஜனத்தொகை குறைந்துபோன அவமானம் அச்சேறும் என்று தெரிந்தும் எடுத்து அச்சடித்தான். 2021இல் நடந்திருக்கவேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. தள்ளித் தள்ளிப்போய், 2025இல்தான் 2027 மார்ச் 1 என்று ஒரு நாளைக் குறித்தார்கள். அந்த நாளில் எண்ணப்படுகிறவர்கள் மிஞ்சியவர்கள். 2021 மே மாதத்து வீடுகளில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை ஆறு வருஷம் கழித்து அந்த வீட்டுக் கதவைத் தட்டித் தெரிந்துகொள்ள முடியாது. பாதிக் கதவுகள் வேறு யாருடையதாகவோ ஆகியிருக்கும்.

அந்த இடத்தில் எழுத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. அரசு விட்ட கட்டத்தில் கவிதை லட்சம் எண்ணை எழுதமுடியாது. அது அதன் காரியமும் அல்ல. ஒரு தெருவை எழுதலாம். எந்த வீட்டில் யார், எந்தத் தேதியில், எந்த ஆஸ்பத்திரி வாசலில், எத்தனை மணி நேரம் நின்று, என்ன காரணம் எழுதப்பட்டு, அல்லது எழுதப்படாமல். கலாபூர்வமாக இருக்காதே என்கிறவர்கள் நிராலாவைப் படிக்கட்டும். அடுத்தது வரும், கிருமிகளுக்கு நம்மைப்போல ஓய்வு கிடையாது. வரும்போது அதை நாலாம் அலை என்று அழைக்க ஒரு கவிஞன் தயாராக இருப்பானானால், முதல் மூன்றில் செத்தவர்களை அவனும் சேர்ந்துதான் கணக்கிலிருந்து நீக்கியிருக்கிறான் என்பது என் தீர்மானம்.